தீபாராதனையைப் பார்க்காத மேளம்

சென்ற ஆடிப்பெருக்கன்று குடும்பத்தோடு முக்கொம்பு போயிருந்தேன். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற இடம். ஆர்தர் காட்டன் 1836இல் கட்டிய மேலணைக்குப் பக்கத்துப் பூங்காவில் மரத்துக்கு மரம் ஒரு குடும்பம், தூக்குச்சட்டியில் புளியோதரை, தேங்காய்ச் சாதம். ஏறக்குறைய எல்லாக் கூட்டத்திலும் ஒரு புளூடூத் ஸ்பீக்கர். நாலு ஸ்பீக்கரில் நாலு பாட்டு. கொஞ்சம் தள்ளி நின்று கேட்டால் நாலிலும் ஒரே ‘தும் தும்’தான் மிஞ்சியது. அந்த இரைச்சலுக்குள் ஒரு புல்லாங்குழல்காரர் வந்தார். தோளில் சாய்த்த கழி நிறைய மூங்கில் குழல்கள், உதட்டில் ஒன்று. அவர் வாசித்ததும் அந்த ஸ்பீக்கர்களில் ஓடிக்கொண்டிருந்த சினிமாப் பாட்டுகளில் ஒன்றைத்தான். ஒரு சிறுமி கிட்டே போய் அண்ணாந்து பார்த்து நின்றாள். உடனே அவர் அந்த அடியை மறுபடி எடுத்தார். இந்த முறை மெதுவாக, ஒவ்வொரு விரலும் எழும்புவது அவளுக்குத் தெரியும்படி. அவளுடைய விரல்களும் தாவணி நுனியில் அசைந்தன. பக்கத்துக் கூட்டத்தில் யாரோ ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்தார்கள்.

அசல் வாத்தியம் உயர்ந்ததா, இயந்திரத்தில் உருவாக்கிய இன்றைய பாட்டு உயர்ந்ததா என்ற வழக்கு நம் வீடுகளில் தினமும் நடக்கிறது. அப்பா ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். நான் எப்போதும் அப்பா பக்கம். ஆனால் அன்று கேட்டது ஒரே பாட்டு. ஸ்பீக்கரில் வந்தபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மூங்கிலில் வந்தபோது ஒரு குழந்தை நின்றது. வேறுபாடு மூங்கிலில் இருந்ததா, அல்லது அவளைப் பார்த்ததும் நடையைக் குறைத்த மனிதரிடம் இருந்ததா? இந்த வழக்கை முழுதாகப் பார்க்க வேண்டுமானால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இதற்கு நல்ல சாட்சி நம் ஊர்க் கோயில்களிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் சிறு கோயில்கள் பலவற்றில் இன்று ஒரு மின்சார மேளம் நிற்கிறது. இரும்புச் சட்டம், கீழே ஒரு மோட்டார், அதன் அச்சு சுழலச் சுழல இரண்டு குச்சிகள் ஒரு முரசில் விழும். மேலே இரண்டு வெண்கல மணிகள் ஆடும். பக்கத்தில் ஒரு சேகண்டியோ ஜாலராவோ. குருக்கள் தீபத்தை ஏற்றுமுன் சுவிட்சைப் போடுகிறார். அதில் வருவது பதிவு செய்த ஒலி இல்லை. முரசு உண்மையான முரசு, மணி உண்மையான மணி, குச்சி படுவதும் உண்மை. அசல் வாத்தியம் என்றால் இதுவும் அசல் வாத்தியம்தான். ஆனாலும் அதைக் கேட்டு நெகிழ்ந்தேன் என்று சொன்ன ஒருவரை நான் சந்தித்ததில்லை. தீபம் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. திரை விலகும்போதும் ஒரே வேகம், கற்பூரம் அணையும்போதும் ஒரே வேகம்.

மேளக்காரர் இருக்கும் கோயிலில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். தவில்காரரின் கண் குருக்களின் கையில் இருக்கும். அடுக்கு தீபம் உயரும்போது நடை ஏறும், கற்பூரம் வரும்போது முத்தாய்ப்பு விழும். புறப்பாட்டில் பெருமாளைத் தோளில் சுமப்பவர்கள் வீதி முனையில் திரும்பினால் மல்லாரி அதற்கு இடம் கொடுத்து நீளும். கல்யாண வீட்டில் இன்னும் தெளிவு. வாத்தியார் விரலை உயர்த்திக் ‘கெட்டிமேளம்’ என்று சொல்லி முடிப்பதற்குள் தவில் பொழிந்துவிடும். அதற்கு முந்தைய அரை நிமிடம் முழுக்க அந்தத் தவில்காரர் வாசிப்பைத் தாழ்த்தி, மணமகன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார் என்பது கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது.

இதற்கு நேர் எதிரான சாட்சியும் உண்டு. மாண்டலின் சீனிவாஸ் கையில் இருந்தது மின்சார மாண்டலின். மரத்தாலும் தோலாலும் ஆனதுதான் இசை என்று பிடிவாதம் பிடித்தால் அவரைத் தள்ள வேண்டிவரும். கமகம் பிடிக்காத வாத்தியம் என்று பெரியவர்கள் சந்தேகப்பட்ட அந்தக் கருவியில் இரட்டைத் தந்திகளை ஒற்றையாக்கி, ஐந்து தந்திகளில் ராகத்தை இழைய வைத்தார் அந்தப் பையன். ஆக, மின்சாரம் ஓடுகிறதா என்பது சரியான கேள்வியாகாது. வாசிக்கிறவர் கேட்டுக்கொண்டே வாசிக்கிறாரா என்பதுதான் என் கேள்வி. எதிரே இருப்பவரை, பக்கவாத்தியத்தை, தன் மூச்சை, அந்த இடத்தை.

இந்தச் சண்டை உலகத்துக்கும் புதிதில்லை. 1906லேயே அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் பிலிப் சூசா, ஒலித்தட்டையும் தானியங்கிப் பியானோவையும் எதிர்த்துக் கட்டுரை எழுதினார்; வீடுகளில் பாட்டுக் கற்பதே நின்றுபோகும் என்று அஞ்சினார். பேசும் படம் வந்ததும் தியேட்டர் வாத்தியக்காரர்கள் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தார்கள். அவர்களுடைய சங்கம் 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் இயந்திர மனிதன் படம் போட்டுப் பத்திரிகைகளில் விளம்பரம் செய்தது. 1982இல் பிரிட்டன் இசைக்கலைஞர் சங்கத்தின் லண்டன் கிளை சிந்தசைசருக்கே தடை கேட்டது. தடை எதுவும் நிற்கவில்லை. அந்த அச்சங்கள் எல்லாம் பொய்யாகிவிட்டன என்று சிலர் இதைச் சுட்டிக்காட்டிச் சிரிப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டில் பாடுகிறவர்கள் குறைந்துதான் போனார்கள். தியேட்டர் வாத்தியக்காரர்கள் திரும்ப வரவே இல்லை.

நம் பக்கத்தில் தடை போட்டது ஆகாசவாணி. திருச்சி வானொலி நிலையம் 1939இல் தொடங்கியது. அதற்கு அடுத்த ஆண்டே, 1940இல், அகில இந்திய வானொலி முழுவதிலும் ஆர்மோனியத்துக்குத் தடை வந்தது. 1971 வரை நீடித்த தடை. சொன்ன காரணம் இசைக் காரணம்: ஆர்மோனியத்தின் சுரம் கட்டை கட்டையாக நிற்கும், ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே வழுக்கிப் போக முடியாது, கமகம் வராது. உண்மைதான். தோடி ராகத்தின் காந்தாரம் ஒரு புள்ளியில் நிற்பதில்லை, அசைவில்தான் வாழ்கிறது. கட்டையை அமுக்கி அதைப் பெற முடியாது. ஆனால் சங்கரதாஸ் சுவாமிகளின் நாடக மேடையை நிமிர்த்திப் பிடித்ததும் அதே ஆர்மோனியம். ஊர் ஊராகப் போன நாடகக் குழுவில் ஆர்மோனியக்காரர் நடிகரின் சுருதிக்கும் கூட்டத்தின் ஆரவாரத்துக்கும் ஏற்ப வாசித்தார். முப்பது ஆண்டு அவர்களை வானொலிக்கு வெளியே நிறுத்தியது அநீதி என்றே நான் சொல்வேன். குறை கருவியில் இருந்தது. தண்டனை மனிதர்களுக்குப் போனது.

வெளியிலிருந்து வந்த கருவி நம்முடையதாக ஆவதற்கு எத்தனையோ உதாரணம். பாலுசுவாமி தீட்சிதர் வயலினை எடுத்து இருநூறு ஆண்டுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. இன்று வயலின் இல்லாத கச்சேரி அரிது. திருச்சியிலேயே ஓர் உதாரணம் ஏ.கே.சி. நடராஜன். நாகசுரம் கற்றவர், கிளாரினெட்டைக் கையில் எடுத்து அதில் நாகசுரத்தின் மூச்சைப் புகுத்தினார். பேண்டு வாத்தியக் குழுவின் கருவி என்று கிடந்ததற்கு 2008இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது அவரால்தான். 2022இல் பத்மஸ்ரீயும் வந்தது. கிளாரினெட்டில் சாவிகள் உண்டு, உலோகம் உண்டு, ஐரோப்பாவில் பிறந்தது. ஊதியது திருச்சி மூச்சு.

சினிமாவுக்கு வருவோம், ஏனென்றால் தமிழர்களில் பெரும்பாலோருக்கு இசை என்றால் சினிமாப் பாட்டுதான். பழைய நாளில் பாடகரும் வாத்தியக் குழுவும் ஒரே கூடத்தில் ஒன்றாக நின்று பதிவு செய்தார்கள். ஒரு வயலின் பிசகினால் எல்லோரும் முதலிலிருந்து. அந்தக் காலத்துச் சென்னை வாத்தியக்காரர்களுக்குச் சங்கம் கட்டி, ஊதியத்துக்குப் போராடியவர் எம்.பி. சீனிவாசன். 1976இல் ‘அன்னக்கிளி’யோடு வந்த இளையராஜா அந்த வயலின் வரிசைகளுக்கு எழுதிய பகுதிகள்தான் அடுத்த பல ஆண்டுகளுக்குத் தமிழ்க் காதை வளர்த்தன. அதே இளையராஜாதான் 1986இல் ‘புன்னகை மன்னன்’ படத்துக்குக் கணினி கொண்டு இசை செய்தார். 1992இல் ‘ரோஜா’ வந்தது, ஏ.ஆர். ரஹ்மானின் வீட்டு ஸ்டூடியோவிலிருந்து வந்த ஒலி தமிழ்நாட்டைத் தாண்டி ஓடியது. அதன்பிறகு ஒரு பெரிய கூடத்தில் அறுபது பேரை உட்கார வைக்க வேண்டிய அவசியம் குறைந்துகொண்டே போனது.

இதில் ரஹ்மானைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது, தவறும்கூட. அவருடைய பாட்டுகளில் கடம், புல்லாங்குழல், நாகசுரம் எல்லாம் கலைஞர்களே வந்து வாசித்தவை. 2008இல் அவர் சென்னையில் தொடங்கிய இசைப்பள்ளி, வசதியில்லாத பிள்ளைகளுக்கு வயலினும் செல்லோவும் கற்றுக்கொடுத்து ஒரு வாத்தியக் குழுவையே உருவாக்கியது. இளையராஜா 2025 மார்ச்சில் லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் குழுவோடு தம் சிம்பொனியை அரங்கேற்றினார். அத்தனையும் கையாலும் மூச்சாலும் வாசித்தது. இயந்திரத்தை நன்றாக அறிந்த இந்த இருவருமே மனித வாத்தியத்துக்குத் திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்பது நமக்குக் கிடைத்த முக்கியமான வாக்குமூலம்.

என் மனத்தாங்கல் அவர்களுக்குப் பின்னால் வந்த மலிவுப் பழக்கத்தோடு. கீபோர்டில் ‘நாகசுரம்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. யாரோ ஒரு கலைஞர் எப்போதோ ஒரு ஸ்டூடியோவில் ஊதிய சில சுரங்கள். அதைத் துண்டு துண்டாக நறுக்கிக் கட்டைகளுக்குள் வைத்திருக்கிறார்கள். கல்யாணக் காட்சி என்றதும் அந்தப் பொத்தான். உண்மையான நாகசுரத்தில் விரல்துளைகள் ஏழு; அதற்கு மேல் எல்லாம் மூச்சும் உதடும் நாக்கும். வாய்முனையில் பொருத்தும் சீவாளியை உதடு கவ்வும் அழுத்தம் ஒரு மயிரிழை மாறினால் சுரம் மாறும். துத்துகாரத்தில் நாக்கு சுரத்தை வெட்டி எடுக்கும். அகாரத்தில் மூச்சு அறாமல் இழையும். பொத்தானில் ஒவ்வொரு சுரமும் ஒரே மாதிரி பிறந்து ஒரே மாதிரி சாகிறது. நாகசுரத்தை அருகிருந்து கேட்டு வளராத ஒரு தலைமுறை, இதுதான் நாகசுரம் என்று நம்பிவிடும் ஆபத்து இருக்கிறது.

குரலுக்கும் அதே கதி. குரலின் சுருதியைத் தானாகத் திருத்தும் ஆட்டோடியூன் 1997இல் சந்தைக்கு வந்தது. நிலநடுக்க அலைகளை ஆராயும் கணக்கில் தேர்ந்த ஒருவர் செய்த கருவி. பக்கத்தில் உள்ள ‘சரியான’ சுரத்துக்குக் குரலை இழுத்து நிறுத்துவது அதன் வேலை. கவனத்தோடு கையாள்பவர் அதை மெதுவாக இயங்க வைத்துக் கமகத்தைக் காப்பாற்ற முடியும். அவசரத்தில் கையாளும்போது ஆர்மோனியத்தின் பழைய குறை குரலுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடுகிறது. வானொலி அன்று வாத்தியத்துக்குப் போட்ட தடையை நினைத்துப் பாருங்கள். இன்று தொண்டையே கட்டை கட்டையாகப் பாடுகிறது.

எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கிறது என்பது கிழவர்களின் புலம்பல் என்று இளையவர்கள் சொல்வதுண்டு. ஸ்பெயினைச் சேர்ந்த ஜோன் செர்ரா குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வை அவர்கள் முன் வைக்கலாம். 1955 முதல் 2010 வரையிலான 4,64,411 மேலைப் பாட்டுப் பதிவுகளைக் கணினியில் அளந்தார்கள். ஒரு சுரக்கூட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழிகள் குறைந்திருந்தன, ஒலியின் நிறங்கள் ஒன்றையொன்று நெருங்கியிருந்தன, சத்தம் ஏறியிருந்தது. அளந்தது தமிழ்ப் பாட்டுகளை இல்லை. ஆனால் அதே மென்பொருள், அதே தாளத் துண்டுகள், அதே ஒலிக் கிடங்கு கோடம்பாக்கத்திலும் இருக்கும்போது இங்கே மட்டும் வேறு விளைவு எப்படி வரும்?

சரி, கச்சேரி ரசிகர்கள் சுத்தமானவர்களா? மேடையில் பின்னால் தம்பூரா எங்கே என்று தேடுங்கள். பெரும்பாலும் ஒரு சின்னப் பெட்டி. 1970களின் இறுதியில் பெங்களூரில் உருவான மின்னணுத் தம்பூரா. இப்போது கைப்பேசிச் செயலி. தம்பூரா மீட்டுகிற சீடன், குருவின் பக்கத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுத்தான் பாடகன் ஆனான். பெட்டி வந்ததும் அந்த இடம் போனது. சினிமாக்காரரைத் திட்டுமுன் சபாக்காரர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

இத்தனை இரைச்சலுக்கும் மாற்றைக் காண இனி ஸ்ரீரங்கத்துக்கு. வைகுண்ட ஏகாதசித் திருநாளின் இராப்பத்து எனும் பத்து இரவுகளில் உற்சவர் நம்பெருமாள் திரும்பி உள்ளே எழுந்தருளும்போது வீணை ஏகாந்தம் நடக்கும். பகல் முழுவதும் கூட்டம், கோஷம், மேளம். அதற்குப் பிறகு வீணை மட்டும். அரையர்கள் கைத்தாளம் ஒன்றைத் துணையாகக் கொண்டு பாசுரத்தைப் பாடி அபிநயிப்பதும் இதே திருநாளில்தான். பெருங்கூட்டம் கூடும் விழாவின் உச்சத்தில் இத்தனை சிறிய ஒலியை வைக்க வேண்டும் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். அந்த ரசனைக்கு முன்னால் என் வாதங்கள் எல்லாம் சிறியவை.

இந்த ஊரைத் தேடி வந்து வாழ்ந்தவர் நாகசுரக் கலைஞர் ஷேக் சின்ன மௌலானா. ஆந்திரத்தின் கரவடியில் 1924இல் பிறந்தவர். நாகசுர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பில் கிறங்கி, தஞ்சாவூர்ப் பாணியைக் கற்க நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் வந்தவர், பிறகு ஸ்ரீரங்கத்திலேயே குடியேறினார். ஐந்து வேளைத் தொழுகையையும் ரங்கநாதன் மீதான பக்தியையும் அவர் தமக்குள் மோதவிட்டதில்லை. 1982இல் இங்கே சாரதா நாதஸ்வர சங்கீத ஆசிரமத்தை நிறுவிப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். 1998இல் சங்கீத கலாநிதி, 1999இல் மறைந்தார். பேரர்கள் காசிமும் பாபுவும் அந்தக் குழலை இன்றும் ஏந்தி வருகிறார்கள். மதம், மொழி, மாநிலம் கடந்து ஒரு மனிதனை இந்த ஆற்றங்கரைக்கு இழுத்து வந்தது ஒரு வாத்தியத்தின் ஒலி. எந்த ஒலிக் கிடங்குக்கும் அந்த இழுப்பு இல்லை.

அந்த வாத்தியம் எப்படி உருவாகிறது என்றும் பார்க்க வேண்டும். கும்பகோணம் பக்கத்தில் நரசிங்கம்பேட்டை. ஆச்சா மரத்தைக் கடைந்து குழல் செய்கிறார்கள். பச்சை மரம் உதவாது, பழைய வீடுகளிலிருந்து கழற்றிய, பல ஆண்டு உலர்ந்த மரம் வேண்டும். குட்டையான திமிரியிலிருந்து நீண்ட பாரி நாகசுரத்துக்குக் காலம் மாறியபோது, சுத்த மத்தியமம் சரியாகப் பேசும் குழலை ராஜரத்தினம் பிள்ளைக்குச் செய்துகொடுத்தவர் அவ்வூர் ரங்கநாதன் ஆசாரி. 2022இல் நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சீவாளிக்குக் காவிரிப் படுகையின் கொறுக்கைத் தட்டை. தவிலுக்குப் பலா மரம். அதன் வலந்தலைப் பக்கத்தில் விரல்களுக்குக் கூடு, தொப்பிப் பக்கத்தில் கழி. முக்கொம்பில் பிரிகிற தண்ணீர் கீழே எங்கோ கொறுக்கையாக நின்று, சீவாளியாகி, ஒரு வாயில் போய்ச் சேருகிறது.

ஆனால் இதை ஏக்கத்தோடு மட்டும் பேசினால் பாதி உண்மைதான். புதுக்கோட்டை மாமுண்டியா பிள்ளை வழி வந்த கஞ்சிராவுக்கு உடும்புத் தோல் போர்த்தினார்கள். உடும்பைப் பாதுகாக்கச் சட்டம் வந்தபிறகு ஆட்டுத் தோலுக்கு மாற வேண்டியதாயிற்று. மாறியது நியாயம். அதைவிடக் கனமான விஷயம் சாதி. மேடையில் உட்கார்ந்து வாசிக்கும் மரியாதைக்கே ராஜரத்தினம் பிள்ளை போராட வேண்டியிருந்தது. பறையடித்தவர்களுக்கு அது கலையாக மட்டும் இருக்கவில்லை. சாவு வீட்டில் அடித்தே தீர வேண்டும் என்று ஊர் சுமத்திய கட்டாயமாகவும் இருந்தது. அந்தக் கட்டாயத்தை உதறிவிட்டு அவர்களுடைய பிள்ளைகள் படிக்கப் போனதைக் குறைசொல்ல யாருக்கும் தகுதியில்லை. இன்று அதே பறையைப் பெருமையோடு, தானே விரும்பி, மேடையில் எடுக்கிற இளைஞர்களும் பெண்களும் இருக்கிறார்கள். தீயில் தோலைக் காய்ச்சி அவர்கள் முதல் அடி அடிக்கும்போது எழும் ஒலிக்கு எந்த ஸ்பீக்கரும் ஈடில்லை. வாத்தியம் வேண்டும், வாத்தியக்காரரின் மானம் வேண்டாம் என்கிற ரசனை எனக்கு வேண்டாம்.

கோயில்களில் மின்சார மேளம் வந்ததற்கும் காரணம் ரசனைக் குறைவு என்பதைவிட வருமானக் குறைவுதான். ஒருகால பூசைக்கே எண்ணெய் தேடும் கோயில் இரண்டு மேளக்காரர்களுக்கு எப்படிச் சம்பளம் கொடுக்கும்? ஆனால் பெரிய வருமானமுள்ள கோயில்களிலும் அந்த இரும்புச் சட்டத்தைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. அரசின் மாவட்ட இசைப்பள்ளிகளில், திருச்சியிலும்தான், நாகசுரமும் தவிலும் மூன்று ஆண்டு கற்பிக்கிறார்கள். கற்று வெளியே வருகிற பிள்ளைக்கு வாசிக்க இடம் வேண்டும்.

வாத்தியம் சாகுமா என்று கேட்பவர்களுக்கு யாழைச் சொல்கிறேன். சங்க காலம் தொட்டுத் தமிழரின் தலைமை வாத்தியம் அது. பாணர் கையில் இருந்தது. பிறகு இல்லாமலே போனது. மட்டக்களப்பு மண்ணின் விபுலானந்த அடிகள் ஆண்டுக்கணக்கில் உழைத்து, இலக்கியக் குறிப்புகளையும் கணக்கையும் கொண்டு அதன் அமைப்பை மீட்டு, 1947இல் ‘யாழ் நூல்’ வெளியிட்டார். மகத்தான நூல். ஆனால் பாணர் அதை எப்படி மீட்டினார்கள், விரல் எங்கே அழுந்தியது, எங்கே நெகிழ்ந்தது என்பதை எந்த நூலும் திருப்பித் தர முடியாது. கையிலிருந்து கைக்குப் போவது ஒரு தலைமுறை அறுந்தாலே போதும், வாத்தியம் செத்துவிடும்.

பிள்ளைகள் இயந்திர இசை கேட்கட்டும், ஆடட்டும். அதை நான் தடுக்கவில்லை. என் வேண்டுகோள் சிறியது. உங்கள் வீட்டில் அடுத்த கல்யாணத்துக்கு நாள் குறித்ததும், மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கிற அன்றே மேளக்காரருக்கும் கொடுத்துவிடுங்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு முன் அவர்களுக்கென்று முழுதாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அந்த நேரம் டி.ஜே. பெட்டி அணைந்திருக்கட்டும். வாசலில் ஒரு மூலையில் பாயை விரித்துவிடாமல் நல்ல மேடை போடுங்கள். முன்வரிசையில் நீங்களே குழந்தைகளோடு உட்காருங்கள். ஆலாபனை முடிந்ததும் கைதட்டுங்கள், பந்தியில் முதல் இலையை அவர்களுக்குப் போடுங்கள். தையிலும் வைகாசியிலும் நல்ல செட்டுகள் மூன்று மாதம் முன்பே நிரம்பிவிடும். இப்போதே சொல்லி வையுங்கள்.